ஃபோல்சம் சிறையில் ஒரு சனிக்கிழமை: ஜானி கேஷின் ‘லெகசி எடிஷன்’ தொகுப்பு, ஒரு மதிப்புரை

அமெரிக்க நாட்டுப்புற மரபிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் வரலாற்றில் பெரிதாகப் பேசப்படும் தருணங்கள் பலவற்றை நாம் பிறர் சொல்லக் கேட்டுத்தான் அறிந்திருக்கிறோம். 1949 ஜூனில் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ், நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற வானொலி இசை நிகழ்ச்சியின் மேடையில் முதன்முறையாகப் பாடியபோது, அரங்கம் அவரைக் கீழே இறங்கவே விடவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சொல்பவர் வாயில் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்த கதையும்கூட. 1968 ஜனவரி 13, சனிக்கிழமையன்று கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறைச்சாலை உணவுக்கூடத்தில் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் பாடியதற்கு அந்தக் குறை இல்லை. காலை 9.40க்கு ஒரு காட்சியும் பகல் 12.40க்கு இன்னொரு காட்சியும் நடந்தன. இரண்டையும் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் பதிவு செய்தது. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த 16 பாடல்கள் அதே ஆண்டு மே மாதம் ‘அட் ஃபோல்சம் பிரிசன்’ என்ற பெயரில் இசைத்தட்டாக வந்தன. மேலும் மூன்று பாடல்கள் 1999இல் வந்த மறுவெளியீட்டில் சேர்ந்தன. எஞ்சியவை 2008இல் வெளியான ‘லெகசி எடிஷன்’ வழியாகத்தான் கேட்பவர் காதுக்கு வந்தன. இங்கே பேசப்போவது அந்தத் தொகுப்பைப் பற்றி.

தொகுப்பில் மூன்று தட்டுகள் உள்ளன. முதல் குறுந்தட்டில் காலைக் காட்சி, இரண்டாவதில் பகல் காட்சி, மூன்றாவதில் பெஸ்டர் கிராம் இயக்கிய ஆவணப்படம். உடன் ஒரு கையேடும் உண்டு. கேஷுக்கு முன்னதாகப் பாடிய கார்ல் பெர்கின்ஸின் பாடலும், ஸ்டாட்லர் பிரதர்ஸ் குழுவின் பாடலும், நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஹியூ செர்ரியின் அறிவிப்புகளும் இதில் இடம்பெற்றிருக்கின்றன. 1968ஆம் ஆண்டுத் தட்டை மட்டும் கேட்டுப் பழகியவருக்கு இவையெல்லாம் தேவையற்ற சேர்க்கைகளாகத் தோன்றக்கூடும். என் கணிப்பில், இந்தத் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கலாம் என்று சொல்லவைப்பவையே இவைதாம். அதற்கான காரணத்தைச் சொல்லுமுன், சிறையின் பெயரைத் தாங்கிய பாடலின் பூர்வகதையைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

‘ஃபோல்சம் பிரிசன் புளூஸ்’ சிறையில் இருந்த ஒருவர் எழுதிய பாடல் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். கேஷ் சிறைத்தண்டனை எதையும் அனுபவித்தவர் அல்லர். அவ்வப்போது கைதாகிச் சில இரவுகளைக் காவல் நிலையக் கொட்டடியில் கழித்தவர், அவ்வளவே. அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்கில் பணியாற்றிய காலத்தில், ஃபோல்சம் சிறையைக் களமாகக் கொண்ட ஒரு திரைப்படத்தைப் பார்த்த தாக்கத்தில் இதை எழுதினார். மெட்டையும் பல வரிகளையும் கார்டன் ஜென்கின்ஸ் 1953இல் வெளியிட்ட ‘கிரசன்ட் சிட்டி புளூஸ்’ என்ற பாடலிலிருந்து கேட்காமலே எடுத்துக்கொண்டார் என்பதையும், பின்னாளில் அதற்கு ஈடாகப் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரீனோ நகரில் ஒருவனைச் சும்மா சாவதைப் பார்ப்பதற்காகவே சுட்டேன் என்று பாடலின் நாயகன் சொல்லும் அந்த வரி கேஷுக்கே உரியது. நெவாடா மாநிலத்து ரீனோவில் செய்த கொலைக்குக் கலிஃபோர்னியச் சிறையில் ஏன் கம்பி எண்ணுகிறான் என்று கேட்பவர்களுக்குப் பாடலில் பதில் கிடையாது. மெம்பிஸில் சாம் ஃபிலிப்ஸ் நடத்திய சன் நிறுவனத்துக்காக 1955இல் இதைப் பதிவு செய்தபோது கேஷுடன் வாசித்தவர்கள் கிடாரில் லூதர் பெர்கின்ஸ், பேஸ் இசைக்கருவியில் மார்ஷல் கிராண்ட் என இருவர் மட்டுமே.

பாடல் வெளியானதும் கைதிகள் அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். தங்கள் இடத்துக்கு வந்து பாடச் சொல்லிக் கேட்டார்கள். 1957இல் டெக்சஸின் ஹன்ட்ஸ்வில் சிறையில் பாடியதிலிருந்து அவர் சிறைகளுக்குப் போய்வருவது வழக்கமாயிற்று. சான் குவென்டின் சிறையில் 1950களின் இறுதியில் பாடியபோது கைதிகளின் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுள் மெர்ல் ஹாகர்டும் ஒருவர் என்பதை, பிற்காலத்தில் கன்ட்ரி இசையின் முன்னணிப் பாடகரான பிறகு ஹாகர்டே பலமுறை சொல்லியிருக்கிறார். சிறைகளில் ஊழியம் செய்துவந்த ஃபிளாய்ட் கிரெசெட் என்ற போதகரின் ஏற்பாட்டில் 1966இல் கேஷ் ஃபோல்சமிலும் ஒருமுறை பாடியிருந்தார். சிறையில் ஒரு நேரடி இசைத்தட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்கு நெடுநாளாக இருந்தும் நிறுவனம் செவிசாய்க்கவில்லை. 1960களின் நடுப்பகுதியில் போதை மாத்திரைகளுக்கு அடிமையாகி, ஒப்புக்கொண்ட கச்சேரிகளுக்குப் போகாமல், கைதும் ஆகிப் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்த பாடகரை நம்பி யார் பணம் போடுவார்கள்? பாப் டிலனின் தட்டுகளைத் தயாரித்துப் பேர் வாங்கிய பாப் ஜான்ஸ்டன் 1967இல் கேஷின் தயாரிப்பாளராகப் பொறுப்பேற்றதும் நிலைமை மாறியது. ஜான்ஸ்டன் ஃபோல்சமுக்கும் சான் குவென்டினுக்கும் தொலைபேசியில் பேசினார். முதலில் பதில் சொன்னது ஃபோல்சம். வயலின் வரிசையும் பின்னணிக் குரல்களுமாக நாஷ்வில் ஒலிக்கூடங்கள் கன்ட்ரி பாடல்களை மெருகேற்றிக்கொண்டிருந்த காலத்தில், கருங்கல் சுவர்களுக்குள் எதிரொலிக்கும் உணவுக்கூடத்தில் போய்ப் பதிவு செய்வது எதிர்நீச்சல்தான்.

நிகழ்ச்சிக்கு முன்னதாக இசைக்குழு சாக்ரமென்டோவில் ஒரு விடுதியில் தங்கி ஒத்திகை பார்த்தது. அப்போது கலிஃபோர்னிய ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன் அதே விடுதியில் வேறொரு நிகழ்ச்சிக்கு வந்திருந்தவர், இவர்களை எட்டிப்பார்த்து வாழ்த்திவிட்டுப் போனார்.

இப்போது தொகுப்புக்கு வருவோம். இதைக் கேட்கும்போது கவனிக்க வேண்டியவர்கள் பாடகரைவிடக் கேட்பவர்களே. 1968ஆம் ஆண்டுத் தட்டு கேஷ் தம் பெயரைச் சொல்லித் தம்மை அறிமுகம் செய்துகொள்வதில் தொடங்கும். அடுத்த நொடியே கூடம் ஆர்ப்பரிக்கும். அந்த ஆரவாரம் அடங்குமுன் லூதர் பெர்கின்ஸின் கிடார் ஒற்றைத் தந்தியில் துள்ளிக்கொண்டு வரும். அதைக் கேட்டுச் சிலிர்க்காதவர் அரிது. ஆனால் அந்த ஆர்ப்பரிப்பு ஒத்திகை பார்த்த ஒன்று. கேஷ் மேடையேறும்போது யாரும் கைதட்ட வேண்டாம், அவர் தம் பெயரைச் சொன்ன பிறகு கூரை அதிரக் குரலெழுப்புங்கள் என்று ஹியூ செர்ரி முன்கூட்டியே கைதிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய அறிவிப்புகள் இத்தொகுப்பில் இருப்பதால், அந்தப் புகழ்பெற்ற தொடக்கம் எப்படி உருவாக்கப்பட்டது என்பதை நாமே பின்தொடர முடிகிறது.

இதைவிடப் பெரிய செய்தி ரீனோ வரிக்குப் பிறகு எழும் கூச்சல். கொலையைப் பற்றிப் பாடியதும் கைதிகள் குதூகலித்துக் கத்துகிறார்கள் என்று அந்தத் தட்டைக் கேட்ட தலைமுறை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தது. இதை வைத்துக் கட்டுரைகளும் எழுதப்பட்டன. அந்தக் கூச்சல் நிகழ்ச்சியின் வேறோர் இடத்திலிருந்து எடுத்து, பிறகு அங்கே ஒட்டப்பட்டது. கேஷைப் பற்றி ஆராய்ந்து எழுதிய மைக்கேல் ஸ்ட்ரைஸ்கத் ஒலிநாடாக்களை ஆய்ந்து இதை வெளிப்படுத்தினார். காவலர்கள் ஆயுதத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த கூடத்தில், எந்த வரிக்குக் கைதட்டினால் என்ன பின்விளைவு வரும் என்று கைதிகளுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் அளந்துதான் சத்தம் போட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு இரண்டு காட்சிகளையும் கேட்டால், எங்கே சிரிப்பு வெடிக்கிறது, எங்கே தயங்கி எழுகிறது, எந்த இடத்தில் கூடமே மூச்சை அடக்கிக்கொள்கிறது என்பதெல்லாம் தனியாகத் தெரியத் தொடங்குகின்றன. ஒட்டுவேலை செய்த தயாரிப்பாளரை நான் குறை சொல்லமாட்டேன். நேரடிப் பதிவு என்று விற்கப்படும் தட்டுகளில் கத்தரி படாதவை மிகச் சில. ஆனால் ஒட்டப்பட்ட அந்த ஓர் ஒலி, ஒரு கூட்டத்து மனிதர்களைப் பற்றி உலகத்துக்குத் தவறான சித்திரத்தைக் கொடுத்துவிட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பாடல் தேர்வில் கேஷ் காட்டிய துணிச்சல் இன்றைக்கும் வியப்பளிக்கிறது. கைதிகளின் மனத்தை வேறு திசைக்குத் திருப்பும் இலகுவான பாடல்களைப் பாடியிருக்கலாம். அவர் பாடியது நேர்மாறாகத் தூக்குமேடைக்குப் போகும் மனிதன் நிமிடங்களை எண்ணும் ‘25 மினிட்ஸ் டு கோ’, தப்பியோட முயன்று சுவரருகே சாகும் கைதியைப் பற்றிய ‘தி வால்’, சிறையிலிருக்கும் மகன் அம்மாவின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்கும் பாடல். 1895 முதல் 1937 வரை 93 பேர் தூக்கிலிடப்பட்ட வளாகத்துக்குள் நின்று தூக்குமேடை நகைச்சுவைப் பாட்டைப் பாடுவது என்பது சாதாரண நெஞ்சழுத்தம் அல்ல. கூடத்தில் சிரிப்பு எழுகிறது. நிமிடங்கள் குறையக் குறையச் சிரிப்பின் தொனியும் மாறுகிறது. ‘கொகெய்ன் புளூஸ்’ பாடலின் பழைய வடிவத்தில் சான் குவென்டின் என்று வரும் இடத்தில் கேஷ் ஃபோல்சம் என்று மாற்றிப் பாடுகிறார். உள்ளூர்ப் பெயரைக் கேட்டதும் கூடம் பொங்குகிறது. அந்த இடத்தில் வரும் சத்தத்தில் ஒட்டுவேலையின் சாயல் துளியும் இல்லை.

‘ஆரஞ்சு பிளாசம் ஸ்பெஷல்’ பாடலில் கேஷ் இரண்டு ஹார்மோனிகாக்களை மாறி மாறி வாயில் வைத்து ரயிலின் வேகத்தைக் கொண்டுவருகிறார். ஒன்றை எடுத்து மற்றொன்றை வைக்கும் இடைவெளியில் தாளம் மட்டும் தனியே ஓடும். பின்னால் ரயில்பெட்டிபோலத் தடதடத்துக்கொண்டே இருக்கும் டபிள்யூ. எஸ். ஹாலந்தின் டிரம்ஸை அப்போது கேட்க வேண்டும். நல்ல ஒலிபெருக்கியில் கேட்பவருக்கு இந்த ஒரு பாடலே கொடுத்த காசுக்குப் போதும். லூதர் பெர்கின்ஸ் எப்போதும்போல ஒரு சுரம்கூட அதிகமாக வாசிக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே வீட்டில் பற்றிய தீயில் காயமுற்று அவர் இறந்துபோனார் என்பதை அறிந்தவருக்கு, இந்தப் பதிவில் அவருடைய கிடார் வேறு விதமாகக் கேட்கும்.

நாயைத் திட்டும் பாட்டும், காதலியின் இதயத்துக் குளியலறையிலிருந்து தண்ணீர் ஊற்றித் தள்ளப்பட்டவனின் பாட்டுமாகிய இரண்டு நகைச்சுவைப் பாடல்கள் என் ரசனைக்கு ஒத்துவரவில்லை. தொடர்ந்து மரணத்தைப் பற்றியே பாடினால் கூடம் தாங்காது என்ற கணக்கில் அவற்றை வைத்திருக்கிறார் என்பது புரிகிறது; வீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது தாண்டிப் போய்விடத் தோன்றுகிறது. ஜூன் கார்ட்டர் வந்து ‘ஜாக்சன்’ பாடும்போது கூடத்தின் குரல் அடியோடு மாறுகிறது. 1927இல் பிரிஸ்டல் நகரில் ரால்ஃப் பியர் பதிவு செய்த கார்ட்டர் குடும்பத்தின் பாடல்களிலிருந்துதான் கன்ட்ரி இசையின் இசைத்தட்டு வரலாற்றைப் பலர் தொடங்குவார்கள். அந்தக் குடும்பத்தின் மேபெல் கார்ட்டர் பெற்ற மகள் ஜூன். அப்போது அவருக்கும் கேஷுக்கும் திருமணம் ஆகியிருக்கவில்லை. மார்ச் 1ஆம் தேதிதான் ஆயிற்று.

காலைக் காட்சி ‘கிரேஸ்டோன் சாப்பல்’ என்ற பாடலோடு முடிகிறது. சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டிய அந்தச் சிறைக்குள்ளிருந்த சிறு தேவாலயத்தைப் பற்றி, ஆயுதக் கொள்ளைக்காகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த கிளென் ஷெர்லி என்ற கைதி எழுதிய பாடல் அது. ஷெர்லி பாடிப் பதிவு செய்த நாடாவைப் போதகர் கிரெசெட் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் கேஷிடம் கொடுத்ததாகவும், அவர் இரவோடு இரவாக அதைக் கற்றுக்கொண்டதாகவும் சொல்வது வழக்கம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஷெர்லிக்குத் தம் பாடல் பாடப்படப்போவது தெரியாது. கேஷ் அவர் பெயரைச் சொல்லி அறிவித்துவிட்டுப் பாடத் தொடங்குகிறார். இசையளவில் பார்த்தால் தட்டிலேயே மிகச் செம்மையற்ற பாடல் அதுதான். அவசரமாகக் கற்ற பாட்டு என்பது வாசிப்பிலேயே தெரிகிறது. இருந்தாலும் ஒரு மனிதனின் பெயர் அந்தச் சுவர்களுக்குள் எண்ணாக ஒலிக்காமல் பாடலாசிரியன் பெயராக ஒலிப்பதை இங்கே கேட்கிறோம். அதே நிகழ்ச்சியில் இடையிடையே ஒலிபெருக்கி கைதிகளை எண் சொல்லிக் கூப்பிடுவதும் பதிவாகியிருப்பதால், அந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பகல் காட்சி காப்பீடாக வைத்துக்கொண்ட ஒன்று. காலையில் ஏதாவது பிசகினால் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். கடைசியில் இதிலிருந்து எடுத்துச் சேர்த்தவை இரண்டு பாடல்கள்தாம். கேட்டால் காரணம் விளங்கும். கேஷின் குரலில் களைப்பு வந்துவிட்டது, வேகம் ஒரு படி குறைந்துவிட்டது. பாடல்களும் பெரும்பாலும் காலையில் பாடியவையே என்பதால், இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்பது அலுப்பூட்டும் வேலை. ஒரே பாடலை இரண்டு தட்டிலும் எடுத்து வைத்து ஒப்பிட்டால்தான் இதன் பயன் புரியும். அதே நகைச்சுவைக்கு மறுபடியும் சிரிக்கிறார்களா, அதே இடத்தில் பாடகர் நிறுத்துகிறாரா என்று கவனிக்கும்போது, தற்செயலாகச் சொன்னதுபோல் ஒலித்த சில பேச்சுகள் பழகிய மேடைக்காரரின் உத்திகள் என்பது தெரியவருகிறது. ‘கிவ் மை லவ் டு ரோஸ்’ மட்டும் இதற்கு விலக்கு. சாகக் கிடக்கும் மனிதன் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பும் அந்தப் பாட்டுக்குக் களைத்த குரல் நன்றாகவே பொருந்துகிறது. ஜான்ஸ்டன் இதைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு.

ஆவணப்படத்தை வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்: ஃபோல்சம் நிகழ்ச்சி படச்சுருளில் பதிவாகவில்லை. கேஷ் சிறையில் பாடுவதாக நாம் பார்த்த அசையும் காட்சிகள் 1969 பிப்ரவரியில் பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி சான் குவென்டினில் எடுத்தவை. ஃபோல்சமுக்கு இருப்பவை ஜிம் மார்ஷல் எடுத்த நிழற்படங்களே. ஆகவே படம் அந்த நிழற்படங்களையும், உடன் வாசித்தவர்கள், முன்னாள் கைதிகள் ஆகியோரின் நேர்காணல்களையும், சில பாடல்களுக்குச் செய்த ஓவிய அசைவுப் படங்களையும் கொண்டு நகர்கிறது. ஓவிய அசைவுப் பகுதிகள் எனக்கு ஒட்டவில்லை. பாடல்களே போதிய அளவு படம் காட்டும்போது இவை எதற்கு?

ஷெர்லியைப் பற்றிய பகுதிதான் படத்தின் உயிர். 1971இல் விடுதலையான அவரைக் கேஷ் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1972இல் இருவரும் சிறைச் சீர்திருத்தம் பற்றி அமெரிக்க செனட் துணைக்குழுவின் முன் பேசினார்கள். ஆனால் ஷெர்லியால் வெளியுலகில் ஒன்ற முடியவில்லை. குழுவில் இருந்த ஒருவரை அச்சுறுத்தும் வகையில் பேசியதால் விலக்கப்பட்டார். 1978இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய பிள்ளைகள் பேசும் பகுதிகளைப் பார்த்த பிறகு, முன்வரிசைக் கைதியின் பெயர் ஒலிக்கும் அந்த நொடியை வெறும் வெற்றிக் கதையாகக் கேட்க முடியாது. பாடகரின் பெருமையைப் பாட வந்த தொகுப்பில் இதைத் தயங்காமல் சேர்த்ததற்குத் தயாரித்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

தட்டு 1968இல் கன்ட்ரி இசைத்தட்டுப் பட்டியலில் முதலிடத்துக்கும், பொதுவான பட்டியலில் 13ஆம் இடத்துக்கும் போயிற்று. ‘ஃபோல்சம் பிரிசன் புளூஸ்’ தனிப்பாடலாகவும் மேலேறிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். சும்மா ஒருவனைச் சுட்ட பாட்டை வானொலி நிலையங்கள் நிறுத்தின. கொலம்பியா அந்த வரியை வெட்டிவிட்டு, கேஷின் எதிர்ப்பையும் மீறி, புதிதாக வெளியிட்டது. அந்த வடிவமும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. இந்தப் பாடலுக்கு ஒரு கிராமி விருதும், தட்டின் பின்னட்டையில் சிறைவாழ்வைப் பற்றிக் கேஷ் எழுதிய குறிப்புக்கு இன்னொரு கிராமி விருதும் கிடைத்தன. அடுத்த ஆண்டே ஏபிசி தொலைக்காட்சியில் அவர் பெயரில் வாராந்தர நிகழ்ச்சி தொடங்கிற்று.

எந்தப் பதிப்பை வாங்குவது என்று கேட்பவருக்கு என் பரிந்துரை இதுதான். கேஷை முதன்முறையாகக் கேட்பவர் 16 பாடல் கொண்ட 1968 வரிசையிலேயே தொடங்கட்டும். சுமார் நாற்பத்தைந்து நிமிடத்தில் முடியும் அந்த வரிசையை ஜான்ஸ்டன் அடுக்கிய விதத்தில் இன்றும் ஒரு பாடலை இடம் மாற்றத் தோன்றவில்லை. 1999ஆம் ஆண்டுக் குறுந்தட்டு வைத்திருப்பவர், முதல் வெளியீட்டில் மறைக்கப்பட்ட வசைச்சொற்கள் உட்படப் பெரும்பகுதியை ஏற்கெனவே கேட்டுவிட்டவர். அவருக்கு லெகசி எடிஷன் பகல் காட்சிக்காகவும் அறிவிப்புகளுக்காகவும் ஆவணப்படத்துக்காகவும் மட்டுமே தேவைப்படும். இணைய இசைச் செயலிகளில் கேட்டுக்கொள்பவருக்குப் படமும் கையேடும் கிடைக்காது. அவர் காலைக் காட்சியை மட்டும், செர்ரியின் குரலிலிருந்து தொடங்கி, பாடல் வரிசையைக் கலைக்காமல் கேட்டால் போதுமானது.